பெயர் வெட்டாத கல்

ஸ்பைஸ்வுட், கென்டக்கி
மார்ச் 11, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்வில் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். மேக்ஸிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் ஜாய்ஸ் வாரத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்கிறாளா?

காரியம் இருந்தால்தான் தம்பி எழுதுவான் என்று நீ சொல்வாய். உண்மைதான். காரியம் இருக்கிறது.

வருகிற அக்டோபரோடு நம் பள்ளத்தாக்கில் அரசாங்கம் அமைத்த பூங்காவுக்கு ஐம்பது வயது. புதிதாக வந்திருக்கும் அதிகாரி ரோண்டா ப்ரூயிட் என்று ஒரு பெண். லூயிவில்லிலிருந்து வந்தவள், இருபத்தாறு வயது, நல்ல பிள்ளை. நான் பூங்கா வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் நோட்டுப் புத்தகத்தோடு என்னைத் தேடி வந்துவிடுகிறாள். ஏரிக்கரையில் பூங்காவின் வரலாற்றை எழுதிப் பெரிய பலகை வைக்கப்போகிறார்களாம். காட்டுக்குள் நின்று, எழுதியதைப் படித்துக் காட்டினாள். "மனிதர் கை படாத இந்தக் காட்டை மாநில அரசு மக்களுக்காகக் காப்பாற்றியது" என்று ஆரம்பித்தது.

"பொண்ணே, நீ இப்ப நிக்கிற இடத்துல எங்கப்பா சோளம் போட்டிருந்தாரு" என்றேன்.

"என்னங்க இது, மரமெல்லாம் இவ்வளவு உசரமா நிக்குதே?"

"அம்பது வருஷம் யாரும் வெட்டாம விட்டா என் தலையில கூடத்தான் மரம் முளைக்கும்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஒரு வரைபடம் வேண்டும். அந்தக் காலத்தில் யார் வீடு எங்கே இருந்தது, வயல் எது, மாவுமில் எது என்று. என்னைவிட மூன்று வயது மூத்தவள் நீ. ஞாபகமும் உனக்குத்தான் அதிகம். கொஞ்சம் எழுதி அனுப்பு.

இன்னொன்று. நம் ஊற்றுப் பாறைக்கு மேலே, பாப்லர் மரங்களுக்கு நடுவில், ஒரு கொத்து ஈஸ்டர் பூ மொட்டு விட்டிருக்கிறது. ரோண்டா அதையும் பார்த்துவிட்டாள், அவள் அதை டாஃபடில் என்கிறாள். "வீடு இருந்த எடத்துலதான் இந்தப் பூ வரும்னு சொன்னீங்க. இங்க வீடே இருந்ததில்லையே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
ஆர்வில்


டேட்டன், ஒஹாயோ
மார்ச் 18, 1985

அன்புள்ள தம்பி ஆர்விலுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான். ஜாய்ஸும் நானும் சேர்ந்து படித்தோம். முழங்கால் இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மேக்ஸியிடம் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல். நீ அவளைப் பற்றி எழுதியதை ஜாய்ஸ் தொலைபேசியில் சொல்லிவிடுவதாக இருக்கிறாள், எனவே தயாராக இரு.

அந்தப் பெண்ணிடம் இதைக் கொடு. ஊற்றுப் பாறைக்குக் கீழே நம் வீடு, ஓடையைப் பார்த்தபடி. பாறைக்கு மேலே சரிவு முழுக்க அப்பாவின் சோளக்காடு. இன்றைக்கு அங்கே நிற்கும் பாப்லர்கள் எல்லாம் ஒரே உயரமாக இருப்பது அதனால்தான். எல்லாம் ஒரே வருடம் முளைத்தவை. ஓடைக்கு அந்தப் பக்கம் நம் ஸ்டாம்பர் குடும்பக் கல்லறை. பதினொரு குழி, அரசாங்கம் எண்ணி வேலி போட்டது. மாவுமில்லும் பள்ளிக்கூடமும் ஏரிக்குள் கிடக்கின்றன. அந்த ஏரியையும் இயற்கை என்று எழுதிவிடப் போகிறாள். அணைக்கு மண் சுமந்தது அரசாங்க முகாமில் இருந்த நீங்கள்தான் என்று சொல். மேற்கே பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். கடவுள் கயிறு பிடித்து மரம் நடுவதில்லை.

கை படாத காடாம். அப்பாவின் கையில் காய்ப்பு இல்லாத இடமே இருந்ததில்லை.

அதற்காக அது சொர்க்கமாக இருந்தது என்றும் எழுதவேண்டாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்த வாளித் தண்ணீர் உறைந்துபோகும். அப்பா நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நாளில் அழுதார். நான் அழவில்லை. டேட்டனில் குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர் வருகிறது. திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பள்ளத்தாக்கு எனக்கு வேண்டாம்.

அங்கே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது உனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். அந்தப் பூங்கொத்து ஊற்றுப் பாறைக்கு மேலே எந்தப் பக்கம்? எத்தனை தப்படி தூரம்?

என் பெண் ஓப்பல் பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தாள். அந்த மார்ச்சில் ஓடையில் வெள்ளம். சின்னப் பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரன் கிளைட் சரிவிலேயே, பீச் மரத்தடியில் குழி வெட்டினான். தண்ணீர் வடிந்ததும் நானே ஓடையில் இறங்கிக் கல் தேடினேன். காபிக் கோப்பை வைத்த தடம் போலத் துரு நிறத்தில் ஒரு வளையம் இருந்த மணற்கல். பெயர் வெட்ட நம்மிடம் யார் இருந்தார்கள்? நம் கல்லறையில் ஒரு கல்லிலும் பெயர் கிடையாது. அந்த இலையுதிர் காலத்தில் அம்மாவின் ஈஸ்டர் பூக்கிழங்கு ஏழு எடுத்து அங்கே புதைத்தேன்.

நாற்பத்தொன்பது ஆகஸ்டில் நான் வந்தபோது நீயும் கூடத்தான் நாள் முழுக்கத் தேடினாய். கல்லும் இல்லை, பீச் மரமும் இல்லை, ஆகஸ்டில் அந்தப் பூவின் இலைகூட மண்மேல் இருக்காது; குழி வெட்டின கிளைட்டுக்கே இடம் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளையைப் புதைத்த இடத்தை மறந்துபோனவள் நான் ஒருத்திதான் என்று முப்பத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்லறை ஞாயிற்றுக்கு எல்லோரும் பூவோடு ஊருக்குப் போகும்போது நான் போகாததற்கு முழங்கால் காரணமில்லை.

பதில் உடனே போடு.

உன் அக்கா,
வெர்லி


ஸ்பைஸ்வுட்
மார்ச் 26, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ரோண்டாவுக்குப் படித்துக் காட்டினேன், அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு. கயிறு பிடித்து மரம் நடுவது பற்றி எழுதியிருந்ததைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜாய்ஸ் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மேக்ஸி இப்போது நன்றாகவே பேசுகிறாள்.

இங்கே மழை. ஏரி கரை தொட்டு நிற்கிறது. படகுத்துறையில் இரண்டு பலகை போய்விட்டன. முன்பென்றால் நான் போய் அடித்துச் சரிசெய்திருப்பேன். இப்போது அதற்கும் மேலிடத்துக்கு விண்ணப்பம் போடவேண்டுமாம்.

பூவைப் பற்றிக் கேட்டிருந்தாய். யாராவது சுற்றுலா வந்தவர்கள் நட்டிருப்பார்கள். அணில்கூடக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். மனதை அலட்டிக்கொள்ளாதே.

உன் தம்பி,
ஆர்வில்


டேட்டன்
ஏப்ரல் 1, 1985

தம்பிக்கு,

அணில் ஈஸ்டர் பூக்கிழங்கைத் தொடாது. கசப்பு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான், ஏழு வயதில், ஒன்றைக் கடித்துவிட்டு வாயெல்லாம் வீங்கி.

இப்போது பூத்திருக்கும். போய்ப் பார். இதழ் ஒற்றையா, அடுக்கா? அம்மாவின் பூ அடுக்கு. நடுவில் பச்சை கலந்து, தலை வாராத பிள்ளை போல இருக்கும். கடைகளில் அது கிடைக்காது.

நீ பொய் சொல்லும்போதெல்லாம் முதலில் மழையைப் பற்றிப் பேசுவாய். நேராகச் சொல்.

வெர்லி


ஸ்பைஸ்வுட்
ஏப்ரல் 10, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

அடுக்குத்தான். நடுவில் பச்சை இருக்கிறது. ஊற்றுப் பாறையில் முதுகு வைத்து நின்றால் நேர் மேலே, கொஞ்சம் இடப்பக்கம். நாற்பத்திரண்டு தப்படி.

நான் போய் எண்ணித் தெரிந்துகொண்டதல்ல. எனக்கு எப்போதும் தெரியும்.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்தபடியே சொல்கிறேன்.

முப்பத்தைந்தில், நாம் பள்ளத்தாக்கைக் காலிசெய்த அதே கோடையில், வேலையில்லாத பையன்களுக்காக அரசாங்கம் நடத்திய முகாமில் நான் சேர்ந்தேன் அல்லவா? வேறு வேலை எதுவும் கிடையாது. நம் வீட்டைப் பிரித்ததில் எனக்கும் பங்கு உண்டு, அது உனக்கே தெரியும். செப்டம்பரில் ஓடைக்கரைக் கூடத்தைக் கட்டினோம். அதற்குப் பெரிய கணப்பும் புகைபோக்கியும். மேஸ்திரி சமவெளிக்காரர், நல்ல மனிதர். "காட்டுல சும்மா கிடக்கிற கல்லையெல்லாம் கொண்டாங்கடா. பேர் வெட்டின கல்லை மட்டும் யாரும் தொடக்கூடாது. வேலிக்குள்ள போகவே கூடாது" என்று காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். பையன்களும் அப்படியே செய்தார்கள். பெயர் வெட்டின ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. வேலிக்குள் போகவில்லை. ஓப்பல் வேலிக்கு வெளியே இருந்தாள். கல் சுமந்தவர்கள் யாரும் நம் பக்கத்துப் பையன்கள் இல்லை. தனியாக ஒரு கல் நட்டமாக நின்றால் நம் ஆட்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். அவர்களுக்கு அது வயலிலிருந்து பொறுக்கிப் போட்ட கல்.

நான் கல் அடுக்கும் வேலையில் இருந்தேன். கோவேறு கழுதை இழுத்து வந்த சறுக்குவண்டியில் கிடந்த குவியலில் அந்த வளையத்தைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எடுத்துத் தனியே வைத்தேன். சாயங்காலம் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று நினைத்தேன். "என்னடா ஸ்டாம்பர், கல்லைக் கையில வச்சுத் தாலாட்டுறியா? சாந்து காயுது" என்று மேஸ்திரி சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைச் சாந்தில் வைத்துவிட்டேன், அக்கா. என் கையால்தான் வைத்தேன். கணப்பு மாடத்துக்கு மேலே மூன்றாவது வரிசை, இடது ஓரம். வளையம் வெளியே தெரியும்படி வைத்தேன்.

பீச் மரத்தைப் பாதைக்காக அடுத்த வாரம் வெட்டினார்கள்.

நாற்பத்தொன்பதில் நீ வந்தாய். அப்போதுதான் பூங்காவில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் கிளைட் கடப்பாரையோடு கூடத்துக்குப் போவான், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது, அப்போதும் சொல்லவில்லையே. உன் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

அந்தக் கொத்தை யாரும் வெட்டாமல் முப்பத்து மூன்று வருடம் பார்த்துக்கொண்டேன். புல் வெட்டும் ஆட்கள் கேட்டால் அங்கே பாம்பு இருக்கிறது என்பேன். ஏழு கிழங்கு இப்போது நூறுக்கு மேல் ஆகியிருக்கும். மேக்ஸிக்குக்கூடத் தெரியாது. போன மாதம் அதைப் பற்றி உனக்கு எழுதினேனே, தெரியாமல் எழுதவில்லை. நீயே கேட்பாய் என்று இருந்தேன். கேட்டதும் அணில் என்று எழுதினேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

உன் தம்பி,
ஆர்வில்


ஸ்பைஸ்வுட்
ஏப்ரல் 29, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஜாய்ஸுக்குத் தொலைபேசி செய்தேன். நீ நன்றாக இருப்பதாகவும், என் பெயரைச் சொன்னால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதாகவும் சொன்னாள்.

மேக்ஸியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பல் பிடுங்கியபோது இருந்த அமைதி வேறு, இது வேறு.

ரோண்டாவிடமும் சொன்னேன். கூடத்துக்குப் போய் அந்தக் கல்லின் வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அக்கா வேணும்னு சொன்னா மேலிடத்துல எழுதி வாங்கி, புகைபோக்கியைப் பிரிச்சு எடுத்துத் தரேன். எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல" என்றாள். இருபத்தாறு வயதில் அவளால் அதைச் சொல்ல முடிகிறது.

பலகையில் அந்த முதல் வரியை அடித்துவிட்டாள். நீ சொல்லும்வரை வேறு எதுவும் எழுதமாட்டாளாம்.

உன் போன கடிதத்தின் அடியில் வெறும் பெயர் மட்டும்தான் இருந்தது. பார்த்தேன்.

உன் தம்பி,
ஆர்வில்


டேட்டன்
மே 8, 1985

ஆர்விலுக்கு,

எழுத நாளாகிவிட்டது. கோபத்தில் எழுதினால் கையெழுத்து உன்னுடையதைப் போல ஆகிவிடுகிறது, அதனால் காத்திருந்தேன்.

கல்லை வைத்ததைப் பற்றி முதலில். உனக்குப் பதினெட்டு வயது. சுற்றி நின்று சிரித்தார்கள். அந்த வயதில் கிளைட்டும் அதைத்தான் செய்திருப்பான். அதை நான் விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன், அதைப் பற்றி இனி எழுதாதே.

நாற்பத்தொன்பதை விடமுடியவில்லை. உனக்கு முப்பத்திரண்டு வயது. நான் ஊற்றுப் பாறையில் முதுகை வைத்து நாற்பத்திரண்டு தப்படி எண்ணி நடந்து போய் நின்றேன். "ஆர்வி, இங்கதான்டா" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உன் கடிதத்தில் அதை மட்டும் காணோம். "இங்க இல்லக்கா. இங்கன்னா கல்லு இருக்கணுமே" என்றாய். அப்புறம் என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாய். இருட்டும்வரை என்னோடு தேடினாய். முள் குத்திய என் காலுக்கு மருந்துகூடப் போட்டுவிட்டாய்.

நான் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறேன். என் பிள்ளைக்கு மேலேயே நின்றிருக்கிறேன். கிளைட் வண்டியில் திரும்பும்போது, "உனக்குக் காய்ச்சல் அடிச்ச நேரம், எங்க புதைச்சோம்னு உனக்கு எப்படித் தெரியும், விடு" என்று ஆறுதல் சொன்னான். நானும் அதை நம்பிவிட்டேன். அதற்கப்புறம் எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஜாய்ஸ் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

இனி நடக்கவேண்டியது.

புகைபோக்கியைப் பிரிக்கவேண்டாம். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். வேலையை வைத்துக்கொள்ளச் சொல். பலகையில், இங்கே குடும்பங்கள் இருந்தன, சோளம் போட்டார்கள், சிலரைப் புதைத்தார்கள் என்று எழுதினால் போதும். ஓப்பலின் பெயர் பலகையில் வேண்டாம். பார்க்க வருகிறவர்களுக்கு அவள் யார்?

மே 26 கல்லறை ஞாயிறு. ஜாய்ஸ் என்னைக் கூட்டி வருகிறாள். உன் வீட்டில் தங்கமாட்டேன். பூங்காவில் ஒரு குடில் எடுத்திருக்கிறோம். மேக்ஸி வருத்தப்படவேண்டாம், அவளுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. உலர்ந்த ஆப்பிள் வைத்து அடுக்குக் கேக் கொண்டுவருகிறேன், அவள் பீன்ஸும் சோளரொட்டியும் செய்யட்டும்.

அதற்குள் நீ ஓடையில் இறங்கி ஒரு கல் தேடு. பெயர் வெட்டவேண்டாம். நீயே தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் நடு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் பாறையிலிருந்து எண்ணி நடப்பேன். முழங்கால் இப்படி இருப்பதால் தப்படி கூடுதலாக ஆகும். போய் நிற்பேன். ஜாய்ஸ் பக்கத்தில் இருப்பாள். அன்றைக்குச் சொல்லவேண்டியிருந்ததை நீ அவள் முன்னால் சொல்லவேண்டும். அழுகை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அதை மட்டும் சொன்னால் போதும். அப்புறம் சாப்பிடலாம். சொல்ல முடியாது என்றால் கல்லை நட்டுவிட்டு நீ வீட்டிலேயே இருந்துகொள்.

வெர்லி


ஸ்பைஸ்வுட்
மே 21, 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்கு முன் வந்து சேரும் என்று நம்புகிறேன். அப்படி வந்தால் கையில் எடுத்துக்கொண்டு வா.

கல் கிடைத்தது. ஆறு நாள் ஓடையில் நின்றேன். வளையம் உள்ளதாக மூன்று பார்த்தேன். ஒன்று ரொம்பப் பெரிது, ஒன்று உடைந்தது. மூன்றாவதை வைத்துக்கொண்டேன். வளையம் முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் விட்டிருக்கிறது. ரோண்டா தள்ளுவண்டி கொண்டுவந்தாள். "இல்லம்மா, நான் தூக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எங்கேயும் நிற்காமல் போகமுடியவில்லை. பாறையடியில் ஒருமுறை, பாதி வழியில் ஒருமுறை இறக்கி வைத்தேன். பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது, இலை இன்னும் பச்சையாக இருக்கிறது. இலைகளுக்கு நடுவில் நட்டிருக்கிறேன்.

நீ எழுதியது சரி. அன்றைக்குச் சொன்னதை மறக்கவில்லை, எழுதாமல் விட்டேன்.

தினமும் சொல்லிப் பார்க்கிறேன். "யாரு கூட பேசுறீங்க?" என்று மேக்ஸி பின்னாலிருந்து கேட்கிறாள். சமையலறையில் சொன்னால் வருகிறது. நேற்று அந்த இடத்துக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன், குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வராமல் போய்விடலாம். அதனால் என் கையெழுத்தில் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் வாயைத் திறந்து ஒன்றும் வராமல் நின்றால் ஜாய்ஸ் சத்தமாகப் படிக்கட்டும். நான் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பேன்.

இதுதான் இடம், அக்கா. அன்னைக்கு நீ சரியாத்தான் நின்ன. கல்லைப் புகைபோக்கியில வச்சது நான்.

உன் தம்பி,
ஆர்வில்